இராயபுரத்தில் விட்டுப் போன முந்நூற்று நாற்பது கிராம்

எண்ணூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்த கதை இது. பிரியாணி பிரமாதம், மனிதர்கள் அதைவிடப் பிரமாதம். நடுவில் நான் ஒரு காரியத்தைக் கெடுத்துவிட்டு வந்தேன். அதை மறைத்துவிட்டுக் கடற்கரைச் சாலையையும் கப்பல்களையும் மட்டும் வர்ணித்தால் படிக்கிறவர்களுக்குச் சுகமாக இருக்கும். எனக்குத்தான் தொண்டையில் முள்ளாக நிற்கும்.

புதன், மாலை 5.20. திருச்சி ரயில் எழும்பூரில் இறக்கிவிட்டது. அங்கிருந்து மின்சார ரயிலில் கடற்கரை நிலையம், அங்கே மாறி கும்மிடிப்பூண்டி வண்டியில் ஒரே நிறுத்தம், இராயபுரம். தோளில் மடிக்கணினிப் பை, ஒரு கையில் துணிப்பை, இன்னொரு கையில் கல்யாணப் பரிசாக வாங்கிய கண்ணாடித் தட்டு செட். தட்டு செட் மட்டும் நாலரைக் கிலோ. நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் ஒரு விடுதி, நாள் வாடகை தொள்ளாயிரம் ரூபாய். ஜன்னலைத் திறந்தால் துறைமுகத்துப் பாரந்தூக்கிகளின் தலைகள் தெரிந்தன. மீன் வாடையும் டீசல் வாடையும் மாறி மாறி வந்தன.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். திருச்சியில் இரண்டு அறை வைத்துக்கொண்டு காது சோதித்துக் கருவி பொருத்துகிறவள். மருத்துவர் இல்லை. இருந்தாலும் எல்லோரும் டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள், திருத்தித் திருத்தி அலுத்துவிட்டேன். கல்யாணப் பெண் நஸ்ரின் திருச்சியில் கல்லூரி விடுதியில் தங்கிப் படித்தபோது, அத்தா என்று அவள் கூப்பிடும் தன் அப்பாவை என்னிடம் அழைத்து வந்தாள். காதர் பாய் முப்பது வருடம் துறைமுகத்தில் கப்பல்களுக்குத் துரு தட்டியவர். இரும்புத் தகட்டில் சுத்தியலால் விடாமல் தட்டித் தட்டி இரண்டு காதும் போய்விட்டன. ஓசை விழும், சொல் விழாது. நான் பொருத்திய கருவிகள்தான் அவருக்குப் பேச்சைப் பாதியாவது திருப்பிக் கொடுத்தன.

கல்யாணத்துக்கு அழைத்தபோது நஸ்ரின் போனில் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அக்கா, நிக்காஹ்க்கு முன்னால அத்தா ரெண்டு சாட்சியோட உள்ள வந்து எங்கிட்ட சம்மதமான்னு கேப்பாரு. நா சொல்றத அவரு காதால கேட்டுக்கினு போயி ஹஜ்ரத் கிட்ட சொல்லணும். அந்த நேரத்துல நா மெல்லமாதான சொல்வேன்? அது அவருக்குக் கேக்கணும்க்கா. கிட்டத்து மெல்லப் பேச்சு இப்பல்லாம் அவருக்கு விழவே மாட்டேங்குது. நீங்க வந்து அந்த மிஷின செட் பண்ணிக் குடுங்க. வேற எந்த கிஃப்டும் வாணாம்."

கடைசியில் ஒன்று சேர்த்துச் சொன்னாள். "வியாழக்கெழம இங்க கரண்ட் ஷட்டவுனு. ஒம்போது மணிக்குப் போனா ரெண்டு மணிக்குத்தான் வரும். லேப்டாப்ப ஃபுல்லா சார்ஜ் போட்டு எட்த்துகினு வாங்க."

புதன் இரவே வரச் சொன்னாள். அன்று மருதாணி, வீடு நிறையப் பெண்கள், ஒரே சத்தம். காதுக்கருவியைச் சத்தமில்லாத நேரத்தில்தான் சரிப்படுத்த முடியும், காலையில் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். தொழில் தெரிந்தவள் என்ற எண்ணம்.

வியாழன், காலை 6.30. இனி என் மடிக்கணினியைப் பற்றிக் கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும், ஏனென்றால் எல்லாம் அதில்தான் இருக்கிறது. பதினோரு அங்குலம், நோட்டுப் புத்தகம் போலச் சின்னது. எட்டு வருடமாக அதைத்தான் வைத்திருக்கிறேன். அதற்கு இரண்டு பேட்டரிகள். ஒன்று கூடவே வந்த மெல்லிய பேட்டரி. புதிதில் மூன்று மணி நேரம் தாங்கியது, இப்போது ஒரு மணி நேரம் தாங்கினால் பெரிது. இன்னொன்று சென்னை ரிச்சி தெருவில் இரண்டாயிரத்து எண்ணூறு ரூபாய் கொடுத்து வாங்கிய தடித்த பேட்டரி. அது ஆறு மணி நேரம் அசராமல் உழைக்கும்.

உழைக்கிறவர்களுக்கு இருக்கும் குறைகள் எல்லாம் அதற்கும் உண்டு. கீழ்ப்பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும். மேசையில் வைத்தால் கணினியின் பின்பக்கம் இரண்டு விரல் உயரம் தூக்கிக்கொள்ளும், தட்டெழுதினால் மணிக்கட்டு வலிக்கும். மடியில் வைத்தால் தொடை சுடும். பையின் ஜிப் முக்கால்வாசிக்கு மேல் ஏறாது. நிரம்ப ஐந்து மணி நேரம் ஆகும். எங்கள் தெருத் தக்காளிக்காரரின் தராசில் வைத்துப் பார்த்தேன், முந்நூற்று நாற்பது கிராம். அவர் "அக்கா, இதுக்கு என்ன விலை போடட்டும்?" என்று கேட்டுச் சிரித்தார்.

இரவு முழுக்க அந்தத் தடியனைச் சார்ஜில் போட்டிருந்தேன். காலையில் பட்டுப்புடவை கட்டி, தலை வாரி, பையை மாட்டிப் பார்த்தேன். ஜிப் மூடவில்லை, புடவையின் தோள் மடிப்பு கசங்கியது. வேலை நாற்பது நிமிடம்தானே, மெல்லியதே போதும் என்று தோன்றியது. தடித்ததைக் கழற்றினேன். ஊரிலேயே நிரப்பி எடுத்து வந்திருந்த மெல்லியதை மாட்டினேன், நூறு சதவீதம் என்று காட்டியது. சார்ஜர் சுவரிலேயே தொங்கியது. மின்சாரமே இல்லாத வீட்டுக்குச் சார்ஜர் எதற்கு என்று அதையும் விட்டுவிட்டேன். பை இறகாகிவிட்டது. நாலரைக் கிலோ கண்ணாடித் தட்டைத் தூக்கிக்கொண்டு போகிறவள் முந்நூற்று நாற்பது கிராமுக்குக் கணக்குப் பார்த்தேன். யானை வாங்கினவன் அங்குசம் வாங்க யோசித்தானாம், அந்தக் கதைதான்.

7.40. விடுதி வாசலில் ஆட்டோ. ஓட்டுநர் பெயர் ஏழுமலை, நாற்பது வயது இருக்கும். எண்ணூரில் நஸ்ரின் வீடு இருக்கும் கத்திவாக்கம் வரை ஏறக்குறைய பன்னிரண்டு கிலோமீட்டர், முந்நூற்றைம்பது ரூபாய் என்றார். சொல்லிவிட்டு அவரே எனக்காகப் பரிந்து பேசினார்.

"எக்கா, ட்ரெயின்ல போனா அஞ்சு ரூபா, அரை அவுரு. ரோட்டுல லாரி நிக்குதுன்னா நா இன்னா பண்றது? அப்பால என்னாண்ட கோச்சிக்காத."

"தட்டு உடைஞ்சிடும்ங்க. மெதுவாவே போங்க," என்றேன்.

காசிமேட்டுக்குள் நுழைந்தபோது ஏலம் முடிந்து மீன் கூடைகள் வெளியே வந்துகொண்டிருந்தன. ஐஸ் கட்டி உடைக்கும் சத்தம், படகுகளின் கொடிக் கம்பங்கள், சாலையில் வழியும் உப்புத் தண்ணீர். அதைத் தாண்டி எண்ணூர் விரைவுச் சாலை. வலப்பக்கம் கடல், கரையெங்கும் அலை அரிக்காமல் கொட்டிய கருங்கற்கள். திருவொற்றியூருக்குக் கொஞ்சம் முன்னால் எல்லாம் நின்றது.

8.15. எதிர்ப்புறம் துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகள், கண்ணுக்கு எட்டிய வரை. அந்த வரிசையிலிருந்து திரும்பப் பார்த்த ஒரு நீள வண்டி சாலையின் குறுக்கே மாட்டிக்கொண்டது. ஏழுமலை இன்ஜினை அணைத்தார். "பேஜாராப் பூட்ச்சிக்கா. கொறைஞ்சது முக்கா அவுரு," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய் லாரிக்காரர்களோடு சேர்ந்து யோசனை சொல்ல ஆரம்பித்தார்.

அப்போதுதான் நான் அதைச் செய்தேன். பயணக் கட்டுரை எழுதும் சபலம் எனக்கு வெகு நாளாக உண்டு. மடிக்கணினியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். தடித்த பேட்டரி இல்லாததால் மடியில் சமமாக உட்கார்ந்தது, தொடை சுடவில்லை, அந்தச் சௌகரியத்தில் நேரம் போனதே தெரியவில்லை. எழுதியது இது:

"சாலையோரத்தில் லாரிக்கு அடியில் ஸ்டவ் பற்றவைத்து ஒருவர் உப்புமா கிண்டுகிறார். வெங்காயம் வதங்கும் வாசனை கடல் காற்றைத் தள்ளிக்கொண்டு வருகிறது. ஒவ்வொரு லாரிக்கும் இடையில் ஒரு முழம் கடல் தெரிகிறது. நீலம், பிறகு சிவப்புக் கன்டெய்னர், மறுபடி நீலம், பிறகு பச்சைக் கன்டெய்னர். இந்த ஊரில் கடலைக்கூடத் துண்டு போட்டுத்தான் பார்க்க வேண்டும்."

இந்த ஐந்து வரியை எழுதி, அடித்து, மறுபடி எழுத இருபத்தைந்து நிமிடம் ஆனது. கடைசி வரி வந்தபோது எனக்கே என்மேல் மதிப்பு வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

9.35. கத்திவாக்கம். வானத்தில் புகைபோக்கிகள், தெருவில் சாமியானா. மூக்கில் முதலில் ஏறியது மணலிப் பக்கத்து ரசாயன நெடி, அதற்கு மேல் பிரியாணிக்கு வறுக்கும் வெங்காயம். ஏழுமலைக்கு போனில் பணம் அனுப்பினேன். இறங்கும்போது அவர் கண்ணாடித் தட்டுப் பெட்டியைக் குழந்தை மாதிரி தூக்கி வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தார். மின்சாரம் சொன்னபடி போயிருந்தது. ஜெனரேட்டர் லாரியில் வந்துகொண்டிருக்கிறது என்றார்கள்.

காதர் பாய் வெள்ளைச் சட்டை, புது லுங்கி, தலையில் தொப்பி. என்னைப் பார்த்ததும் தெருவே கேட்கும் குரலில், "டாக்டரம்மா வந்துட்டாங்கோ! டீ குடு!" என்றார். காது கேட்காதவர்களுக்குத் தங்கள் குரலின் அளவு தெரியாது. பிறகு பக்கத்தில் வந்து, அவர் ரகசியம் என்று நினைத்த குரலில் சொன்னார்: "ரெண்டு நாளா தூக்கம் இல்லம்மா. அந்த ஒரு வார்த்த எனக்கு வுழுந்துட்டா போதும். தாயில்லாத புள்ள. அது சம்மதம்னு சொல்றத நாந்தான் கேக்கணும்."

நஸ்ரினின் அம்மா இறந்து ஆறு வருடம் ஆகிறது. அதை நான் மறந்தே போயிருந்தேன்.

9.55. மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தோம். வேலை இப்படி: கருவி இரண்டும் அவர் காதிலேயே இருக்கும். அவற்றை ஒயரில் ஒரு சிறு பெட்டியோடும், பெட்டியை மடிக்கணினியோடும் இணைக்க வேண்டும். மெல்லிய ஓசை, கிட்டத்துப் பேச்சு, பெண் குரல் என்று ஒவ்வொன்றாகத் திரையில் ஏற்றி இறக்கி, அவரைக் கேட்டுக் கேட்டு அமைக்க வேண்டும். எல்லாம் சரியானதும் சேமிப்பதற்கான பொத்தானை அழுத்தினால் அமைப்பு கருவிக்குள் பதியும், அரை நிமிட வேலை. அந்த அரை நிமிடத்தில் தொடர்பு அறுந்தால் பழைய அமைப்பு அழிந்துபோகும், புதியதும் ஏறாது. கருவி வெறும் பிளாஸ்டிக் ஆகிவிடும். இது எனக்கு நன்றாகத் தெரியும். என்னிடம் வேலை பழகுகிற பெண்களுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுப்பதும் இதுதான்.

ஆள் மாற்றி ஆள் கதவைத் தட்டினார்கள். டீ வந்தது. கறிக்கு உப்பு பார்க்கச் சொல்லிக் கரண்டி வந்தது. காதர் பாயின் தம்பி சலீம் இரண்டு தடவை வந்து "ஆச்சா?" என்றார். நாற்பது நிமிடம் என்று நான் போட்ட கணக்கில் இவையெல்லாம் இல்லை.

பத்தேகாலுக்கு அமைப்பு கைகூடி வந்தது. பெண் குரலுக்குப் பரிசோதனையாக நஸ்ரினையே கூப்பிட்டேன். கல்யாணப் புடவையில், மருதாணிக் கையோடு, அவருக்குப் பின்னால் கதவோரம் நின்று சாதாரணக் குரலைவிடத் தாழ்வாகச் சொன்னாள்: "அத்தா, டீ குடிச்சியா?"

காதர் பாய் திரும்பினார். "குடிச்சேன்மா," என்றார். அப்புறம்தான் என்ன நடந்தது என்று அவருக்கே உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டார். நஸ்ரின் மூக்கை உறிஞ்சிக்கொண்டே கீழே ஓடிவிட்டாள்.

திரையின் ஓரத்தில் பேட்டரி பதினெட்டு சதவீதம் காட்டியது. பழைய பேட்டரி காட்டும் சதவீதம், தீரப்போகும் கேஸ் சிலிண்டர் மாதிரி. ஆட்டிப் பார்த்தால் இருப்பது போலத்தான் இருக்கும். பொத்தானை அழுத்தினேன். பட்டை பாதி தூரம் நிரம்பியது. திரை அணைந்தது.

10.20. மறுபடி மறுபடி அழுத்தினேன். ஒரு விளக்கு சிமிட்டி அணைந்தது. காதர் பாய் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மெல்லப் பேசிப் பார்த்தேன், உரக்கப் பேசிப் பார்த்தேன். காதைத் தொட்டு, கையை விரித்தார். காலையில் பாதி கேட்டுக்கொண்டிருந்த மனிதர், நான் கை வைத்த பிறகு ஒரு சொல்கூடக் கேட்காதவராகிவிட்டார்.

கீழே தடதடவென்று ஜெனரேட்டர் ஓட ஆரம்பித்தது. சாமியானா விளக்குகள் எரிந்தன, விசிறிகள் சுற்றின. ஒரு நிமிடத்துக்கு முன்னால் எதற்காக உயிரை விட்டிருப்பேனோ அந்த மின்சாரம் இப்போது அறைக்கே வந்து நின்றது. செருகுவதற்கு என்னிடம் சார்ஜர் இல்லை. அது பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இராயபுரத்துச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது.

வீட்டில் இருந்தவர்கள் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. ஆளாளுக்கு உதவ ஓடினார்கள். ஒருவர் செல்போன் பவர் பேங்க் கொண்டுவந்தார், அது என் கணினிக்கு ஆகாது. எதிர் வீட்டுப் பையனின் கல்லூரி லேப்டாப் சார்ஜர் வந்தது, முனை பெரிசு. மைக் செட்டுக்காரர் ஒரு பெட்டி நிறைய ஒயர்களைக் கொட்டி ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தார். எதுவும் சேரவில்லை.

ஏழுமலைக்கு போன் செய்தேன். எண்ணூர் பேருந்து நிலையம் பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவர் கூலி கேட்கவில்லை. "நீ லாட்ஜுக்கு போன் போட்டு சொல்லிடுக்கா, ரூம தொறந்து குடுக்கச் சொல்லு. நா பறந்துகினு வர்றேன்," என்றார். நிக்காஹ் பதினொன்றேகாலுக்கு. மாப்பிள்ளை வீட்டார் மணலியிலிருந்து ஏற்கெனவே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். பறவைகள்தான் பறக்கும், அந்தச் சாலையில் ஆட்டோ பறக்காது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

11.15. பெண்கள் இருந்த அறை. நஸ்ரின் பாயில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள், நான் அவளுக்குப் பின்னால் சுவரோரம். காதர் பாய் இரண்டு சாட்சிகளோடு வாசலில் வந்து நின்றார். கருவிகள் இன்னும் காதில்தான் இருந்தன. எதற்கு மாட்டியிருக்கிறார் என்று புரியவில்லை. சபைக்கு வரும்போது கழற்றி வைப்பது மரியாதை இல்லை என்று நினைத்தாரோ என்னவோ.

மாப்பிள்ளை பெயரையும் அவர் தகப்பனார் பெயரையும் பெண்ணுக்கு அவர் தரும் மஹர் தொகையையும் சொல்லி, "நிக்காஹ் செஞ்சி குடுக்க உனக்கு சம்மதமாம்மா?" என்று கேட்டார். குரல் உடைந்திருந்தது.

"சம்மதம் அத்தா."

அறையில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. காதர் பாய் காத்திருந்தார். அவள் சொல்லி முடித்துவிட்டாள் என்பதே அவருக்குத் தெரியவில்லை. யாரோ ஒரு பெண், "சத்தமா சொல்லுடி," என்றாள். நஸ்ரின் நிமிர்ந்து கொஞ்சம் உரக்கச் சொன்னாள். அவர் குனிந்து, கையைக் காதுக்குப் பின்னால் வைத்து, தலையை அசைத்தார். மூன்றாவது தடவை அவள் கத்தினாள். கல்யாணப் பெண், கண்ணில் மை வழிய, "சம்மதம் அத்தா!" என்று கத்தினாள். பின்வரிசையில் சிலர் சிரித்துவிட்டார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, இருந்தாலும் சிரித்தார்கள். எனக்குப் பூமி பிளந்து விழுங்கினால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

காதர் பாய் கையை உயர்த்தினார். "போதும்மா. சத்தம் வருது, பேச்சு வரல. கத்த வெச்சி வாங்குறதுக்குப் பேரு சம்மதம் இல்ல."

சாட்சிகளில் ஒருவர் அவர் தோளைத் தொட்டு, உதட்டை அசைத்து அசைத்துச் சொன்னார்: நாங்கள் கேட்டுவிட்டோம், அவள் கையெழுத்துப் போடுவாள், நீங்கள் போய்ச் சொன்னால் போதும். நிக்காஹ் நடத்திவைக்க வந்த ஹஜ்ரத்தும் வாசல் வரை வந்து, பெண் மௌனமாக இருந்தாலே சம்மதம்தான் பாய், மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள் என்று ஒரு சீட்டில் எழுதியே காட்டினார். படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"அது சொல்லிச்சி, நீங்க கேட்டீங்க. நா கேக்கல. கேக்காதத கேட்டேன்னு சபைல சொல்ல மாட்டேன்," என்றார். வெளியே பார்த்து, "சலீமு, நீ வாடா," என்று தம்பியைக் கூப்பிட்டார்.

சலீம் வந்தார், கேட்டார். நஸ்ரின் நான்காவது தடவை, யாரையும் பார்க்காமல், மெல்லச் சொன்னாள். சலீம் போய் ஹஜ்ரத்திடம் சொன்னார். நிக்காஹைப் பதியும் தஃப்தர் புத்தகத்தில் பெண் சார்பாகச் சலீமின் பெயர் ஏறியது. காதர் பாய் சபையில் பக்கவாட்டில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, மற்றவர்கள் கை ஏந்தியதைப் பார்த்துத் தானும் ஏந்தினார்.

12.25. ஏழுமலை வந்தார். சட்டை முதுகு முழுக்க நனைந்திருந்தது. ஒரு கையில் தடித்த பேட்டரி, இன்னொரு கையில் சார்ஜர், சார்ஜரின் ஒயர் தரையில் புரண்டது. பந்தியில் இலை போட்டிருப்பதைப் பார்த்ததும் நிக்காஹ் முடிந்துவிட்டது என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"அதே எடத்துலக்கா. அதே லாரிங்கோ. போறப்பயும் நிக்குது, வர்றப்பயும் நிக்குது. ஒரு எடத்துல ப்ளாட்ஃபாரத்து மேல ஏத்திக்கினு வந்தேன், முடில," என்றார். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கிற தோரணையில் நின்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவரைக் கையைப் பிடித்து உட்கார வைத்துச் சாப்பிடச் சொன்னேன்.

மாடிக்குப் போய்த் தடித்த பேட்டரியை மாட்டினேன். கணினி பின்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. பேட்டரி அளவு நூறு சதவீதம், ஆறு மணி நேரம் பத்து நிமிடம் என்று காட்டியது. கண் கெட்ட பிறகு செய்யும் சூரிய நமஸ்காரத்தை இருபது நிமிடம் செய்தேன். இந்தத் தடவை யாரும் கதவைத் தட்டவில்லை. பட்டை முழுக்க நிரம்பியது, கருவிகள் உயிர் பெற்றன.

"கேக்குதா பாய்?" என்றேன் மெல்ல.

"கேக்குதும்மா. விசிறி சத்தங்கூட கேக்குது."

நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். கனமாக இருக்கிறது என்று பேட்டரியை விட்டுவிட்டு வந்ததையும், வழியில் கடலைப் பார்த்து ஐந்து வரி எழுதியதையும் மறைக்காமல் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். ஒவ்வொரு சொல்லும் அவருக்கு விழுகிறது என்பது முகத்தில் தெரிந்தது. அந்தக் கருவியை இவ்வளவு நன்றாக நான் ஒருபோதும் அமைத்ததில்லை.

முடித்ததும், "கீழ போயி சாப்டும்மா. ஆறிடும்," என்றார்.

2.45. மாப்பிள்ளை வீட்டுக் கார் வாசலில் நின்றது. புறப்படும் கூட்டத்தில் நஸ்ரின் அத்தாவின் தோளில் சாய்ந்து அழுதாள். அழுகைக்கு நடுவில் அவர் காதருகே ஒரு சொல் சொன்னாள். பக்கத்தில் நின்ற எனக்கே அது கேட்கவில்லை. உதட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன், காலையில் நான்கு தடவை சொன்ன அதே சொல்.

"கேட்டுச்சிம்மா," என்றார் காதர் பாய். அவள் தலையைத் தடவினார். "புக்குல சித்தப்பா பேருதான் கீது. இருக்கட்டும். நம்ம சலீம்தான."

கார் திரும்பிப் போனது. அதன் ஹாரன் சத்தம் தெருமுனையில் தேய்ந்து போகும் வரை அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே நின்றார்.

3.30. ஏழுமலை கொண்டுவிடுகிறேன் என்றார், நான் ரயிலில் போகிறேன் என்றேன். கத்திவாக்கம் நிலையம் நடக்கும் தூரம். காதர் பாய் கேட்காமலே என் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு கூட வந்தார். வீட்டில் உட்கார முடியவில்லை போலிருக்கிறது. பையில் இப்போது கணினி, மெல்லிய பேட்டரி, தடித்த பேட்டரி, சார்ஜர் எல்லாம் இருந்தன. ஜிப் மூடாமல் வாயைப் பிளந்துகொண்டிருந்தது. மேலே பிரியாணிப் பொட்டலம் வேறு.

இராயபுரத்துக்கு டிக்கெட் ஐந்து ரூபாய். நடைமேடையில் நின்றபோது தூரத்தில் தண்டவாளம் அதிர்வதை எனக்கு முன்னால் அவர் கேட்டார். "வண்டி வர்து," என்று சொல்லிவிட்டுப் பையைத் தோளிலிருந்து இறக்கி, ஒரு விரலில் தொங்கவிட்டு, கொஞ்சம் ஆட்டிப் பார்த்தார். முப்பது வருடம் சுத்தியல் தூக்கிய கை. முகத்தில் கேலியோ கோபமோ இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"இன்னாம்மா, லேசாத்தான கீது?"

ரயில் இருபத்தெட்டு நிமிடத்தில் இராயபுரம் வந்துவிட்டது. வழியில் ஜன்னலுக்கு வெளியே எதையும் நான் பார்க்கவில்லை. இப்போது திருச்சியில், என் அறையில், மேசை மேல் தூக்கிக்கொண்டு நிற்கும் கணினியில் மணிக்கட்டு வலிக்க இதை எழுதுகிறேன். இங்கே கடல் இல்லை, லாரி வரிசை இல்லை, நினைத்த இடத்துக்குப் பத்து நிமிடத்தில் போய்விடலாம். அந்தப் பழக்கத்தில்தான் பன்னிரண்டு கிலோமீட்டரையும் ஏமாந்து அளந்துவிட்டேன். ஆட்டோவில் எழுதிய ஐந்து வரியை அழித்துவிடலாம் என்று பல தடவை நினைத்தேன். அழிக்காமல் மேலே அப்படியே வைத்திருக்கிறேன். ஒரு தகப்பன் கேட்டிருக்க வேண்டிய ஒரு சொல்லைக் கொடுத்து நான் வாங்கிய வரிகள் அவை. நன்றாகக்கூட இல்லை.